வீதிக்கு வந்த பழைய சோபாவுக்குப் புதிதாகக் குஷன் போடுவது தகுமா?

தக்கலை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள். பழைய சாமான் கடைக்குப் போக இருந்த மூவர் அமரும் சோபா ஒன்றை அவர்களிடம் கேட்டு வாங்கி, எங்கள் வீட்டுத் தார்சாவில் போட்டிருக்கிறோம். கைப்பிடியும் கால்களும் கனத்த மரம். ரெக்சின் செதில் செதிலாக உரிகிறது. உட்கார்ந்தால் நடுப்பகுதி தாழ்ந்துபோகிறது. பின்கால் ஒன்றின் ஓரத்தில் குண்டூசி முனை அளவில் துளைகள் தெரிகின்றன.

வீட்டில் முழங்கால் வலியுள்ள என் மாமியாரும், நாள் முழுவதும் ஏறி இறங்கும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனி, ஆடிச் சாரலிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எங்கள் சுவர்கள் வேர்க்கும். இப்படிப்பட்ட வீட்டில் இந்தச் சோபாவுக்குச் செலவு செய்யலாமா, செய்தால் எந்த ஃபோம், எந்தத் துணி போட வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மூட்டைப்பூச்சி இருக்குமோ என்ற அச்சமும் இருக்கிறது.

மார்த்தாண்டம் குஷன் வேலையர் எழுதியது:

வணக்கம் சகோதரி. துணியைப் பற்றிய பேச்சைக் கடைசிக்கு வைத்துவிட்டு, முதலில் சோபாவைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியைப் பிரித்துப் பாருங்கள். செலவு செய்யலாமா வேண்டாமா என்பதை அந்த அடிப்பக்கம்தான் சொல்லும். சட்டம் தேக்கு, அயனி, ஈட்டி போன்ற மரமாக இருந்து, மூலைப் பொருத்துகளைக் கையால் அசைத்தால் ஆடாமல் இருந்தால், தயங்காமல் வேலையைத் தொடங்கலாம். அந்த அளவு மரத்தை இன்று புதிதாக வாங்கி அதே கனத்தில் சட்டம் செய்யப் புறப்பட்டால், குஷன் வேலைக்கு ஆகும் செலவைவிட மரச் செலவே மிஞ்சிவிடும். மாறாக, சட்டம் ஒட்டுப்பலகையாக இருந்து, ஆணி பிடிக்காமல் உதிர்ந்தால், மேலே எவ்வளவு நல்ல துணி போட்டாலும் வீண்தான்.

நடுப்பகுதி தாழ்வதற்கு ஃபோம் மட்டும் காரணமாக இருப்பது அரிது. பழைய சோபாக்களில் அடியில் சணல் நாடா பின்னி, அதன்மேல் சுருள் ஸ்பிரிங் நிறுத்தி, கயிற்றால் எட்டுப் பக்கமும் இழுத்துக் கட்டி, சாக்குத் துணி விரித்து, தேங்காய் நாரும் பஞ்சும் நிரப்பியிருப்பார்கள். நாடா நைந்தாலோ கயிறு அறுந்தாலோ ஸ்பிரிங் சாய்ந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் மேலே புதிய ஃபோமை வைத்தால் அதுவும் கூடவே தாழும். ஸ்பிரிங் நிமிர்ந்தும் விறைப்பாகவும் இருந்தால், துருவைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, புதிய நாடாவில் மறுபடி கட்டலாம். வளைந்துவிட்டவற்றை எடுத்துவிட்டு, அகலமான எலாஸ்டிக் பெல்ட்டை முன்பின்னாகவும் குறுக்காகவும் பாய் முடைவதுபோல மேலும் கீழுமாகக் கோத்து அடிக்கலாம். பெல்ட்டுகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட வேண்டாம்.

ஃபோம் விஷயத்தில் நம் ஊரில் பலரும் ஏமாறுவது ‘டென்சிட்டி’ என்ற சொல்லில்தான். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில்; அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு அடையாளம். உட்காரும்போது மெத்தென்று இருக்குமா, கெட்டியாக இருக்குமா என்பது வேறு கணக்கு. உட்காரும் பகுதிக்கு 40 டென்சிட்டியும் முதுகுப் பகுதிக்கு 28 அல்லது 32-ம் கேளுங்கள். கேட்டதைத்தான் தருகிறார்களா என்பதைத் தராசு சொல்லிவிடும். 22 அங்குலச் சதுரமும் 5 அங்குலக் கனமும் உள்ள ஒரு துண்டு, 40 டென்சிட்டியாக இருந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.27 கிலோவுக்கு அருகில் நிற்கும். முக்கால் கிலோவுக்கும் குறைந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய ஃபோம் இதைவிட மிகக் கனமாக இருக்கும் என்பதால், வெட்டுமுகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமியார் உட்காரும் உயரத்தை அளந்து முடிவு செய்வது இந்த வேலையில் மிக முக்கியம் என்று நினைக்கிறேன். அவர் உட்கார்ந்து ஃபோம் அமுங்கிய பிறகும் தரையிலிருந்து 17, 18 அங்குலம் இருந்தால், கால் பாதம் முழுவதும் தரையில் பதிந்து எழுந்திருக்க எளிதாக இருக்கும். பழைய சோபாக்கள் பின்னோக்கி ஆழமாகவும் இருக்கும். அந்த ஆழத்தைச் சட்டத்தில் குறைக்க முடியாது. முதுகுத் திண்டைத் தடிப்பாக்கி ஈடு செய்யலாம்.

குளச்சல் கடற்கரை வாசகர் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். துணியை அடிக்கும் பின்கள் சாதாரண இரும்பாக இருந்தால், உப்புக்காற்று வரும் வீடுகளில் சீக்கிரமே துருப்பிடித்து, வெளிர் நிறத் துணியின் ஓரமெல்லாம் பழுப்புக் கறையாகிவிடும். துருப்பிடிக்காத எஃகுப் பின்களைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ரெக்சின் உரிவதற்கும் காரணம் உண்டு. பாலியூரித்தேன் பூச்சுள்ள ரெக்சின் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைந்து செதிலாக உதிரும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல இரண்டு பருவமழையும் பெய்யும் இடத்தில் அதற்கு ஆயுள் குறைவு. பி.வி.சி. ரெக்சின் அதைவிடத் தாங்கும், ஆனால் பங்குனி, சித்திரை வெக்கையில் வியர்வையோடு ஒட்டிக்கொள்ளும். தனிப் பருத்தி உட்கார இதமானது என்றாலும் சாரல் மாதங்களில் பூசணம் பிடிக்கும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த தடித்த துணியே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏற்றது என்பது என் கருத்து. உட்காரும் திண்டுகளுக்கு ஜிப் வைத்து, கழற்றித் துவைக்கும்படி தைக்கச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன்பே துணியை நனைத்து உலர்த்திவிட்டால், பிறகு துவைக்கும்போது சுருங்கி ஃபோமில் ஏறாமல் தொல்லை தராது.

மூட்டைப்பூச்சியைப் பொறுத்தவரை, தையல் மடிப்பிலும் பைப்பிங் ஓரத்திலும் சட்டத்தின் இடுக்கிலும் டார்ச் அடித்துக் கறுப்புப் புள்ளிகளைத் தேடுங்கள். அவை உணவில்லாமல் பல மாதம் உயிரோடிருக்கும் என்பதால், மூடிக் கொஞ்ச நாள் வைத்தால் போய்விடும் என்று நம்ப வேண்டாம். பழைய துணி, பஞ்சு, நார் எல்லாவற்றையும் வீட்டுக்கு வெளியே வைத்துப் பிரித்து அப்புறப்படுத்திவிட்டு, வெறும் சட்டத்தின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, வெயிலில் நன்றாகக் காய வைப்பதே நம்பகமான வழி. பிரிக்கும்போது முகத்தைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பழைய ஃபோம் பொடியாக உதிர்ந்து மூக்கில் ஏறும்.

தக்கலை வாசகி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. முற்றத்தில் வைத்துக் கவிழ்த்துப் பிரித்துப் பார்த்தோம். சட்டம் அயனி என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி சொன்னார், பொருத்துகள் ஆடவில்லை. மூட்டைப்பூச்சியின் அடையாளம் எங்கும் இல்லை. ஸ்பிரிங்குகளில் பாதி சாய்ந்திருக்கின்றன. ஆனால் துளைகள் இருந்த பின்கால் வேறு மரம், எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். அதைத் தட்டினால் முகப்பவுடர் போன்ற வெளுத்த தூள் கொட்டுகிறது. மற்ற மூன்று கால்களிலும் இல்லை. இதற்கு மருந்து அடித்தால் போதுமா, காலையே மாற்ற வேண்டுமா அண்ணன்?

மார்த்தாண்டம் குஷன் வேலையர் எழுதியது:

வெளுத்த, மெல்லிய தூள் என்றால் வண்டின் புழு இப்போதும் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய துளையாக இருந்தால் உள்விளிம்பு கறுத்திருக்கும், தூள் கொட்டாது. இந்த வண்டு மாச்சத்து மிகுந்த மரங்களின் வெள்ளைப் பகுதியைத் தேடி வரும். பதப்படுத்தாத ரப்பர் மரம் அதற்கு விருப்பமான இரை. நம் பக்கத்தில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைப்பதால், மாற்றுக்கால் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பாரம் தாங்கும் காலாக இருப்பதால் மருந்தை நம்பி விட்டுவைக்க வேண்டாம். அதைக் கழற்றி எரித்துவிட்டு, ஆசாரியிடம் அயனியிலோ தேக்கின் வைரப் பகுதியிலோ ஒரு கால் கடைந்து வாங்குங்கள்.

மற்றச் சட்டத்துக்கு முன்னெச்சரிக்கையாக மருந்து போடலாம். பத்து லிட்டர் வெந்நீரில் 400 கிராம் போரிக் அமிலமும் 600 கிராம் வெண்காரமும் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, பிரஷால் இரண்டு மூன்று முறை பூசுங்கள். பாலிஷ் மேல் பூசினால் உள்ளே இறங்காது என்பதால் பழைய பாலிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு புதிய பாலிஷ் கட்டாயம் அடிக்க வேண்டும். இல்லையென்றால் தரை துடைக்கும் தண்ணீரிலேயே மருந்து கரைந்து போய்விடும், பிள்ளைகளின் கையிலும் படும். மருந்துக் கரைசல் இருக்கும் வாளியைப் பிள்ளைகள் பக்கம் வைக்காதீர்கள்.

ஸ்பிரிங் பாதி போய்விட்டது என்பதால், புதிதும் பழையதும் கலந்து கட்டாமல் முழுவதையும் எடுத்துவிட்டு எலாஸ்டிக் பெல்ட்டுக்கு மாறிவிடுங்கள். பிள்ளைகள் ஏறி இறங்கும் வீட்டுக்கு அதுவே போதும், பின்னாளில் ஒரு பெல்ட் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். பழைய ரெக்சினைக் கிழிக்காமல் தையல் பிரித்து எடுத்து வையுங்கள். அதுவே வெட்டுவதற்கான அளவு. 54 அங்குல அகலத் துணியில் மூவர் சோபாவுக்குப் பொதுவாக 8 முதல் 11 மீட்டர் வரை ஆகும். பூவோ கோடோ பொருந்த வேண்டிய துணியென்றால் இன்னும் கூடும். வேலைக்காரரிடம் பேசும்போது கூலியையும் பொருளையும் தனித்தனியாகப் பேசி, ஃபோமை மட்டும் நீங்களே நிறுத்து வாங்கிக் கொடுங்கள். மருந்தும் பாலிஷும் காய வெயில் வேண்டும் என்பதால் மாசி, பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது.

முடிந்ததும் கால்களின் அடியில் ரப்பர் குப்பி மாட்டி, வேர்க்கும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.