கொள்ளைநோய்க்குப் பிந்தைய இங்கிலாந்து: ஒரு சொல் தேவை, உதவுங்களேன்

நண்பர்களே, 1348-ல் இங்கிலாந்துக்குள் புகுந்த கொள்ளைநோயைப் பற்றிப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் தயாரிக்கிறேன், இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆஷ்வெல் ஊர்த் தேவாலயத்தின் கோபுரச் சுவரில், 1350-ல் மிஞ்சியது மக்களில் கசடு மட்டுமே என்ற பொருளில் யாரோ லத்தீனில் கீறி வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு நகரவே மாட்டேன் என்கிறது. ஆனால் அப்படி மிஞ்சியவர்களுக்குத்தான் அப்புறம் கிராக்கி. வேலைக்கு ஆள் இல்லை, கூலி ஏறுகிறது, உடனே 1351-ல் பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாதென்று சட்டம், 1363-ல் யார் என்ன துணி உடுத்தலாம் என்று இன்னொரு சட்டம்! 1381-ல் கிளர்ந்தெழுந்த குடியானவர்கள் பல ஊர்களில், பண்ணையாருக்குத் தாங்கள் பட்ட கடமைகள் எழுதியிருந்த பண்ணை ஆவணங்களைத் தேடித்தேடி எரித்தார்கள்.

சரி, என் கேள்வி இதுதான். பண்ணையாரைக் கேட்காமல் ஊரைவிட்டுப் போக முடியாத, மகள் கல்யாணத்துக்கும் அவருக்குப் பணம் கட்டிய ‘வில்லெயினை’ தமிழில் எப்படிச் சொல்வீர்கள்? பண்ணையடிமை என்றால் சந்தையில் விற்கப்பட்டவர் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், குடியானவர் என்றால் அந்தக் கட்டே தெரியவில்லை. இன்னொன்று, நோய் ஏழைகளுக்கு நல்லது செய்தது என்ற எண்ணம் வராமல் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? வகுப்பில் நடத்தியவர்கள் யாராவது இருந்தால் விரிவாகவே எழுதுங்கள்.