மாட்டுத்தாவணி கேரேஜ் (குடும்பச் சாட் குழு): செவெலுக்கு எந்த இன்டேக்?

*சனி, காலை 7:40*

கார்த்தி: எல்லாருக்கும் வணக்கம். 1970 ஷெவர்லே செவெல் கார், 350 கன இன்ச் வி8 இன்ஜின், டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கார்புரேட்டர்லேர்ந்து சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டு போற பழைய இரும்பு இன்டேக் மேனிஃபோல்டைக் கழட்டிட்டு அலுமினியம் போடப் போறேன். எடெல்ப்ராக் கம்பெனியோட விக்டர் ஜூனியர், சிங்கிள் பிளேன் இன்டேக், நல்ல விலைக்கு வருது. வாங்கிடவா?

முரளி சித்தப்பா: வாங்காத.

முரளி சித்தப்பா: முதல்ல நாலு விஷயம் சொல்லு. காம் (வால்வைத் திறக்கற தண்டு) என்ன, பின் ஆக்ஸில் ரேஷியோ என்ன, கியர்பாக்ஸ் டார்க் கன்வெர்ட்டரை ஸ்டால் அதிகமானதா மாத்திருக்கா, பானட்டுக்குக் கீழ எவ்வளவு இடம் இருக்கு.

கார்த்தி: காம் கம்பெனி காம்தான் சித்தப்பா, 300 குதிரைச் சக்தி வெர்ஷன். ரேஷியோ 3.31. கன்வெர்ட்டர் தொடவே இல்ல. பானட் அளக்கல.

பிரியா அக்கா: அப்புறம் விக்டர் ஜூனியர் எதுக்குடா? அது 3500லேர்ந்து 8000 ஆர்பிஎம்முக்குன்னு (நிமிஷத்துக்கு இத்தனை சுத்து) செஞ்சது. உன் காம் 0.050 இன்ச் லிஃப்ட்ல இன்டேக் 195, எக்ஸாஸ்ட் 202 டிகிரிதான் வால்வைத் திறந்து வைக்கும். 5000 தாண்டினாலே மூச்சு வாங்கும்.

முரளி சித்தப்பா: கணக்கு பாரு. 26 இன்ச் டயர், 3.31 ரேஷியோ, மணிக்கு 65 மைல். 65 × 3.31 × 336 ÷ 26 = சுமார் 2780 ஆர்பிஎம் (336 அலகு மாத்தற எண்). நீ ஹைவேல போற வேகத்துலகூட அந்த மேனிஃபோல்ட் இன்னும் கண்ணே முழிச்சிருக்காது. அதுக்கு மேல ஆகஸ்ட் மூணாவது சனிக்கிழமை வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸ்ல, அந்தப் பழைய கார் ஊர்வலத்துல, ஓட்டணும்ங்கற. அங்க வண்டி ஊர்ந்துதான் போகும்.

கார்த்தி: சிங்கிள் பிளேன்ல காத்து நேரா போகுமே, அது நல்லதுதானே?

பிரியா அக்கா: நேரா போகும், ஆனா மெதுவா போகும். எட்டு ரன்னரும் (சிலிண்டருக்குப் போற குழாய்) ஒரே அறைக்குள்ள திறக்குது. ஆர்பிஎம் கம்மியா இருக்கறப்ப காத்தோட வேகம் விழும், பெட்ரோல் துளி மிதக்காம தரையில படியும். சிக்னல்ல மிதிச்சா ஒரு நொடி தொண்டை அடைக்கற மாதிரி நிக்கும். கார்புரேட்டர்ல ஜெட் மாத்தி, பம்ப் ஷாட் மாத்தி எவ்வளவு பண்ணினாலும் அது முழுசா போகாது.

முரளி சித்தப்பா: டூயல் பிளேன்ல பிளீனம், அதாவது கார்புரேட்டருக்குக் கீழ இருக்கற அறை, ரெண்டா பிரிஞ்சிருக்கும். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர் எரியற வரிசை) 1-8-4-3-6-5-7-2. ஒரு பாதி 1, 4, 6, 7க்கு. இன்னொரு பாதி 8, 3, 5, 2க்கு. அதாவது ஒண்ணு விட்டு ஒண்ணு. ஒரு பாதியில ஒரு சிலிண்டர் இழுத்து முடிச்சப்புறம்தான் அதே பாதியில அடுத்தது இழுக்கும். கார்புரேட்டர் வழியா கிடைக்கற சிக்னல் தெளிவா இருக்கும். தெருவுல ஓட்டற வண்டிக்கு இதுதான்.

செந்தில் அத்தான்: காலை வணக்கம். மாமா சொன்னா சரிதான், ஆனா டூயல் பிளேன்லயும் மூணு வகை இருக்கே மாப்ள. எடெல்ப்ராக்லயே சாதா பெர்ஃபார்மர், பெர்ஃபார்மர் ஆர்பிஎம், ஆர்பிஎம் ஏர்கேப். நான் ஏர்கேப்தான் சொல்வேன்.

பிரியா அக்கா: ஏங்க, நீங்க ஹூஸ்டன்ல உக்காந்துகிட்டு ஏர்கேப் சொல்றீங்க. அவன் மிச்சிகன்ல இருக்கான்.

செந்தில் அத்தான்: 😄 அதுவும் சரி.

கார்த்தி: ஊருக்கும் இன்டேக்குக்கும் என்ன சம்பந்தம்?

செந்தில் அத்தான்: ஏர்கேப்ல ரன்னருக்கும் லிஃப்டர் வேலியோட (ரெண்டு ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளம்) சூடான எண்ணெய்க்கும் நடுவுல காத்துப் போற இடைவெளி விட்டிருக்கான். கார்புரேட்டர் அடியைச் சூடாக்க எக்ஸாஸ்ட் புகை போற கிராஸ்ஓவர் பாதையும் கிடையாது. கலவை குளிர்ச்சியா, அடர்த்தியா போகும். எங்க ஊரு வெயிலுக்கு வரம். உங்க ஊர்ல அக்டோபர் காலையில 40 டிகிரி ஃபாரன்ஹீட், கூட ஈரப்பதம். கார்புரேட்டர் தொண்டையில ஐஸ் பிடிக்கும், ஐடில் இறங்கும், சிக்னல்ல ஆஃப் ஆகும். பத்து நிமிஷம் சூடேத்தினாத்தான் வண்டி ஒழுங்கா நகரும்.

முரளி சித்தப்பா: ஏப்ரல்லேயும் அதே கதைதான். வெயில் நாள்ல மட்டும் வெளிய எடுக்கற வண்டின்னா ஏர்கேப் போடலாம். இவன் ஆஃபீஸுக்கும் எடுத்துட்டுப் போவேன்றான்.

கார்த்தி: அப்ப சாதா பெர்ஃபார்மரா, ஆர்பிஎம்மா?

முரளி சித்தப்பா: இப்ப இருக்கற காமுக்கு சாதா பெர்ஃபார்மர், பார்ட் நம்பர் 2101. ஐடில்லேர்ந்து 5500 வரைக்கும். உன் குவாட்ராஜெட் கார்புரேட்டர் அதுல அப்படியே உக்காரும், நாலு வாயும் ஒரே அளவா இருக்கற ஸ்கொயர் போர் கார்புரேட்டரும் உக்காரும். பெர்ஃபார்மர் ஆர்பிஎம்னா 1500லேர்ந்து 6500 வரைக்கும். காமை 224/230 மாதிரி ஒண்ணுக்கு மாத்தி, கன்வெர்ட்டரும் மாத்தினா அப்ப ஆர்பிஎம் அர்த்தமாகும்.

பிரியா அக்கா: இதுல நான் கொஞ்சம் மாறுபடுவேன் சித்தப்பா. அடுத்த குளிர்காலத்துல காம் மாத்துறது உறுதின்னா இப்பவே ஆர்பிஎம் போட்டுடலாம். கீழ இழக்கறது பெருசா தெரியாது. ரெண்டு தடவை கேஸ்கெட் வேலை மிச்சம்.

முரளி சித்தப்பா: காம் மாத்தணும்னா எப்படியும் இன்டேக்கைக் கழட்டித்தான் ஆகணும், வால்வைத் தள்ளற லிஃப்டர் அதுக்கு அடியிலதானே இருக்கு. வேலை எங்க மிச்சம்?

பிரியா அக்கா: 🙈 ஆமால்ல. காசு மட்டும்தான் மிச்சம்.

கார்த்தி: காம் மாத்தற எண்ணம் இப்ப இல்ல.

*காலை 8:25*

பெரியம்மா: எல்லாரும் சாப்பிட்டீங்களா? அந்தக் காரு இன்னும் எழுந்திருக்கலையா 🙏

கார்த்தி: ஓடுது பெரியம்மா, இன்னும் நல்லா ஓடணும்னு 😅

செந்தில் அத்தான்: பானட் அளந்துட்டு ஆர்டர் போடு மாப்ள. ஏர் ஃபில்ட்டர் மூடி மேல பிள்ளைங்க விளையாடற களிமண்ணை மூணு உருண்டையா வை. பானட்டை மெதுவா மூடித் திற. நசுங்கின உயரம்தான் இப்ப இருக்கற இடம். புது இன்டேக்கோட கார்புரேட்டர் மேடை பழசை விட எவ்வளவு உயரம்னு பார்த்து அதை இந்த இடத்துலேர்ந்து கழி, முன்னாலயும் பின்னாலயும் தனித்தனியா. ஆர்பிஎம் சாதாவை விட முக்கால், ஒரு இன்ச் உயரம். எல்லாம் போக அரை இன்ச்சாவது மிஞ்சணும். மிதிக்கறப்ப இன்ஜின் டிரைவர் பக்கம் தூக்கும்.

முரளி சித்தப்பா: கார்புரேட்டரையும் பேசிடுவோம், இல்லன்னா 850 வாங்கிட்டு வருவான். 350 × 5500 ÷ 3456 = 557 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து (3456 அலகு மாத்தற எண்). இன்ஜின் 85 சதவீதம் நிரம்பினா 473. ஸ்கொயர் போர் வேணும்னா 600 தாராளம், பின் ரெண்டு வாய் வேக்கும்ல திறக்கற வேக்கும் செகண்டரி வகை. என்னைக் கேட்டா குவாட்ராஜெட்டையே சுத்தம் பண்ணிப் போடு. பேருக்கு 750, ஆனா முன் ரெண்டு வாய் சின்னது, பின்னாடி ஏர் வால்வ் தேவைக்குத்தான் திறக்கும்.

கார்த்தி: குளிர்ல ஸ்டார்ட் ஆக உதவற சோக்கோட ஸ்பிரிங் இப்ப இன்டேக் மேலயே ஒரு குழியில இருக்கு. புதுசுல அது வருமா?

பிரியா அக்கா: ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்தக் குழி இருக்கான்னு படத்துல பார்த்துக்கோ. எலெக்ட்ரிக் சோக்குக்கு மாறினா ஒரு தப்பு மட்டும் பண்ணாத: இக்னிஷன் காயில் பாசிட்டிவ்லேர்ந்து வயர் எடுக்காத. பாயின்ட்ஸ் (பழைய கான்டாக்ட் இக்னிஷன்) வண்டியில அங்க ரெசிஸ்டன்ஸ் வயர் வழியாத்தான் கரென்ட் வருது, 12 வோல்ட் முழுசா இருக்காது. சோக் மெதுவா திறக்கும், ஸ்பார்க்கும் பலவீனமாகும். சாவி போட்டா மட்டும் 12 வோல்ட் வர்ற இடம் ஃபியூஸ் பாக்ஸ்ல இருக்கு, அங்கேர்ந்து எடு.

முரளி சித்தப்பா: வலது பக்க எக்ஸாஸ்ட்ல ஹீட் ரைசர் வால்வ், அதாவது புகையை கிராஸ்ஓவருக்குத் திருப்பற மூடி, இருந்தா கையால ஆட்டிப் பாரு. மூடின நிலையில துரு பிடிச்சு நின்னிருந்தா எக்ஸாஸ்ட் முழுக்க கிராஸ்ஓவர் வழியா ஓடும். கார்புரேட்டர் அடியில பெட்ரோல் கொதிக்கும். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். நிறுத்திட்டு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் ஆகலன்னா முதல் சந்தேகம் இதுமேலதான். கார்புரேட்டருக்கு அடியில கால் இன்ச் இன்சுலேட்டர் கேஸ்கெட் போடு.

கார்த்தி: ஸ்வாப் மீட்ல (பழைய பார்ட்ஸ் சந்தை) பழைய 2101 ஒண்ணு பார்த்தேன். புதுசுல பாதி விலை.

செந்தில் அத்தான்: தெர்மோஸ்டாட் வாய், நாலு மூலை தண்ணிப் பாதை, இங்கெல்லாம் அரிச்சிருக்கான்னு பாரு. கேஸ்கெட் உக்கார்ற விளிம்பு வரைக்கும் அரிச்சிருந்தா வேணாம். கார்புரேட்டர் ஸ்டட் மரை வழுக்குதான்னு போல்ட் போட்டுப் பாரு, அது ஹெலிகாயில் (சுருள் மரை) போட்டு சரி பண்ணிடலாம். நேர்ப்பட்டை ஒண்ணு வச்சு முகம் வளைஞ்சிருக்கான்னு பாரு. பேர் தெரியாத மலிவு காப்பின்னா இன்னும் ஜாக்கிரதை. வார்ப்பு மணல் ரன்னர் உள்ளேயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அது நேரா சிலிண்டருக்குப் போகும்.

செந்தில் அத்தான்: ஹெட்டும் ஒரிஜினலான்னு பாரு. 1986 வரைக்கும் வந்த ஹெட்டுக்கு 12 இன்டேக் போல்ட், எல்லாம் ஒரே கோணம். 1987லேர்ந்து நடு நாலு போல்ட் கோணம் மாறுச்சு. அதுக்கப்புறம் வந்த வோர்டெக் ஹெட்னா பக்கத்துக்கு நாலு, மொத்தமே எட்டு. யாராவது ஹெட் மாத்தியிருந்தா 2101 ஒழுங்கா உக்காராது.

*காலை 9:10*

கார்த்தி: பழசைக் கழட்டறப்ப எதைக் கவனிக்கணும்?

முரளி சித்தப்பா: ரேடியேட்டரை வடிச்சாலும் இன்டேக்கைத் தூக்கறப்ப கொஞ்சம் கூலன்ட் லிஃப்டர் வேலிக்குள்ள விழும். அதனால எண்ணெய் மாத்தறதைக் கணக்குல வச்சுக்கோ, கடைசியில. ஒண்ணாம் சிலிண்டர் பிஸ்டனை டிடிசியில (உச்சியில) வச்சுட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரோட்டர் எங்க காட்டுதுன்னு ஃபயர்வால்ல சாக்பீஸ்ல கோடு போட்டு, அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரை எடு. கியர் சாய்வா இருக்கறதால தூக்கறப்ப ரோட்டர் கொஞ்சம் திரும்பும். அந்த ரெண்டாவது இடத்தையும் குறிச்சுக்கோ. திரும்பப் போடறப்ப முழுசா இறங்கலன்னா ஆயில் பம்ப் தண்டு நேரா இல்லன்னு அர்த்தம். அடிச்சு இறக்காத, நீள ஸ்க்ரூடிரைவரால தண்டைத் திருப்பு.

செந்தில் அத்தான்: போர்ட் வாயெல்லாம் துணி அடைச்சுட்டுத்தான் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டணும். எத்தனை துணி வச்சேன்னு எண்ணிக்கோ.

செந்தில் அத்தான்: இன்டேக்கை வெறுமனே ஹெட் மேல வச்சு, மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற தகடு) விடு. இடைவெளி ஒரே அளவா இருக்கணும். முன்னாடி யாராவது ஹெட்டைச் சீவியிருந்தா கோணம் மாறியிருக்கும். ஹெட்ல 10 தவ் (ஆயிரத்துல பத்து இன்ச்) எடுத்தா இன்டேக் பக்கம் 12.3 தவ் எடுக்கணும். இதைப் பார்க்காம போல்ட் போட்டு இழுத்தா அடிப்பக்கம் கசியும்.

பிரியா அக்கா: கேஸ்கெட் ஃபெல்புரோ 1205 போதும், துளை 1.28 × 2.09 இன்ச். பெருசு நல்லதுன்னு 1206 வாங்காத. ஸ்டாக் ஹெட்ல உக்கார இடமே மிஞ்சாது.

முரளி சித்தப்பா: முன்னாலயும் பின்னாலயும் கொடுக்கற தக்கை, ரப்பர் பட்டையைத் தூக்கிப் போடு. இறுக்கினா வழுக்கி வெளிய வந்துடும். பிளாக்கோட முன், பின் விளிம்பு, அந்த ரெண்டு ரயிலையும் பிரேக் கிளீனரால எண்ணெய் போகத் துடைச்சு, கால் இன்ச் தடிமன்ல ஆர்டிவி சிலிக்கோன் ஒரே கோடா விடு. மூலையில கேஸ்கெட் மேல அரை இன்ச் ஏறணும். தண்ணி வாயைச் சுத்தி மெல்லிசா தடவு. காத்துப் போர்ட்டைச் சுத்தி ஆர்டிவி தடவாத, பெட்ரோல் அதைக் கரைக்கும்.

முரளி சித்தப்பா: இறக்கறப்ப நேரா இறக்கணும், அங்க இங்க நகர்த்தினா சிலிக்கோன் கோடு கலையும். தலை வெட்டின 3/8-16 போல்ட் ரெண்டை மூலைக்கு மூலை குத்தி வை, வழிகாட்டும். போல்ட் மரையில எல்லாம் சீலர் தடவு, இல்லன்னா எண்ணெய் மரை வழியா ஏறும். நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, 10, 20, 25 ஃபுட் பவுண்டுன்னு மூணு சுத்து. இரும்புக்கு 30, அலுமினியத்துக்கு 25 போதும். ராத்திரி முழுக்க காயட்டும். ஒரு தடவை சூடாகி ஆறினப்புறம் திரும்ப செக் பண்ணு.

கார்த்தி: முடிச்சப்புறம் லீக் இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கறது?

பிரியா அக்கா: ஐடில்ல வேக்கும் கேஜ் மாட்டு. உன் காமுக்கு 17லேர்ந்து 20 இன்ச் (பாதரச அளவு) நிலையா நிக்கணும். மேல் விளிம்புல கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சா ஐடில் மாறுற இடம்தான் கசிவு. எக்ஸாஸ்ட் சூடு பார்த்து அடி, தீ பிடிக்கும். அடிப்பக்கக் கசிவை ஸ்ப்ரே காட்டாது. பிசிவி வால்வ் குழாயை (இன்ஜின் உள்புகையை இன்டேக்குக்கு இழுக்கறது) கழட்டி ரெண்டு முனையையும் அடை, ப்ரீதரையும் மூடு. எண்ணெய் ஊத்தற வாயில கை வச்சா உள்ள இழுக்குதா? அப்ப போர்ட் அடியிலேர்ந்து எண்ணெய்ப் புகையைக் குடிக்குது. அந்த வண்டி எண்ணெயும் தின்னும், பிளக்கும் கருக்கும்.

செந்தில் அத்தான்: டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால ரயில்ல கசிஞ்சா, எண்ணெய் பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸ் முன் கூடு) வழியா இறங்கி, கிராங்க் பின்முனையில இருக்கற ரியர் மெயின் சீல் கசியற மாதிரியே சொட்டும். சீல் மாத்தக் கிளம்பறதுக்கு முன்னாடி மேல டார்ச் அடிச்சுப் பாரு.

*காலை 11:52*

கார்த்தி: களிமண் வச்சுப் பார்த்துட்டேன். முன்னாடி 1¾ இன்ச், பின்னாடி 2¼. ஹீட் ரைசர் நல்லா ஆடுது. ஹெட் 12 போல்ட்தான். அந்த ஸ்வாப் மீட் 2101ல தெர்மோஸ்டாட் வாய் அரிச்சிருக்கு, விட்டுட்டேன்.

முரளி சித்தப்பா: புதுசு ஆர்டர் போடு. ஆர்டிவி ரெண்டு டியூப் வாங்கு, ஒண்ணு பாதியில தீரும். மிதிச்சா கியரை இறக்கற கியர்பாக்ஸ் டீடென்ட் கேபிளைக் கழட்டறதுக்கு முன்னாடி பிராக்கெட்டோட போட்டோ எடுத்து இங்க போடு.

கார்த்தி: சரி சித்தப்பா. அடுத்த சனிக்கிழமை தூக்க ஒரு ஆள் வேணும், இரும்பு கனமா இருக்கு.

முரளி சித்தப்பா: எட்டு மணிக்கு வரேன். டார்க் ரெஞ்ச் என்னோடது.

பெரியம்மா: முரளி, போறப்ப அவனுக்கு இட்லி மாவு எடுத்துட்டுப் போ