மறு: எத்திக்ஸ் கமிட்டி, கம்ப்ளையன்ஸ் ஆபீசர் - தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். நேற்று வந்த மடலில் இந்த வரியைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை:

> இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? நிறுவன நெறிமுறைக் குழு என்று மருத்துவக் கல்லூரிகளில் போர்டே மாட்டியாகிவிட்டது. போர்டில் வந்துவிட்ட சொல்லை மாற்ற நாம் யார்?

ஐயா, அப்படி போர்டு மாட்டிய அறை ஒன்றில் மாதம் ஒரு முறை உட்கார்ந்திருப்பவன் நான். (புதிதாக வந்தவர்களுக்கு: நோயாளிகளை வைத்து நடத்தும் ஆய்வு அவர்களுக்குக் கேடு இல்லாமல் நடக்குமா என்று முன்கூட்டியே பார்த்து அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டிதான் இந்தக் குழு.) அந்தச் சொல்லோடு குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவனுக்கு மருத்துவ ஆராய்ச்சிக் கமிட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்தக் கல்லூரியைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், தலைவரும் வெளியாள்தான். மருத்துவர், மருந்தியல் அறிந்தவர், சட்டம் தெரிந்தவர், சமூகவியலாளரோ தொண்டு நிறுவனக்காரரோ ஒருவர், இவர்களோடு எந்த நிபுணத்துவமும் இல்லாத ஒரு பொது ஆள். அந்தக் கடைசி ஆள் நான். அவர் வராவிட்டால் மருந்துச் சோதனை எதையும் அன்று எடுத்துக்கொள்ளவே கூடாது என்பது விதி, ஆகவே எனக்குக் காய்ச்சல் என்றால் பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் கவலைப்படுவார்கள். எனக்கு வந்த நியமனக் கடிதத்தின் தமிழ் வடிவத்தில் "பாமர உறுப்பினர்" என்று போட்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடம் நன்னூல் நடத்தியவனைப் பாமரன் ஆக்கிவிட்டார்களே என்று வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். (அதற்கும் ஒரு சொல் வேண்டும், ஆனால் அது தனி இழை.)

ஆய்வில் சேரச் சம்மதம் என்று நோயாளி கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தில் உள்ள தமிழ், அவருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது முக்கியமாக என் பொறுப்பு. படிவத்தைக் காகிதத்தில் பார்த்தால் போதாது, வார்டில் எப்படி வாசித்துக் காட்டுகிறார்கள் என்றும் அவ்வப்போது போய்ப் பார்ப்போம். ஒரு முறை அப்படிப் போனபோது சர்க்கரைப் புண்ணுக்கான ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. காலில் கட்டுடன் ஓர் அம்மா, பக்கத்தில் அவர் மகன், லாரி ஓட்டுபவர். ஆய்வுச் செவிலியர் படிவத்தை வாசிக்கிறார்: "இந்த ஆய்வு எங்கள் நிறுவன நெறிமுறைக் குழுவால் மறுஆய்வு செய்யப்பட்டு அங்கீகரிக்கப்பட்டுள்ளது." மகன் கையைக் காட்டி நிறுத்தினார். "நிறுவனம்னா எந்தக் கம்பெனிங்க? மருந்துக் கம்பெனிக்காரங்களே கமிட்டி போட்டு அவங்களே ஓகே சொல்லிக்கிட்டாங்களா?" செவிலியர் "இல்லைங்க, நிறுவனம்னா காலேஜ்" என்றார். அவர் விடவில்லை. "சரி, அது என்னங்க மறுஆய்வு? மொத தடவ பண்ண ஆய்வுல யாருக்காவது ஏதாச்சும் ஆகிப்போச்சா?"

அவர் கேட்டதில் என்ன தப்பு? தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆங்கிலத்தில் ரிவ்யூ என்றால் எடுத்துப் பார்ப்பது. அந்த 'ரி'யை நாம் 'மறு' என்று கட்டி இழுத்து வந்துவிட்டோம். இந்தக் குழு செய்வது முதல் பார்வை, நோயாளியைத் தொடுவதற்கு முன்னாலேயே பார்ப்பது. நிறுவனம் என்றால் ஊரில் கம்பெனிதான். கம்பெனியிடமிருந்து நோயாளியைக் காப்பதற்கென்றே வைத்த குழுவின் பெயரிலேயே கம்பெனியின் வாடை அடித்தால் எப்படி?

அடுத்து நெறிமுறை. அமெரிக்காவில் இந்தக் குழுவை ஐ.ஆர்.பி. என்பார்கள், அதன் விரிவான இன்ஸ்டிடியூஷனல் ரிவ்யூ போர்டில் எத்திக்ஸ் என்ற சொல்லே கிடையாது. நம் நாட்டுப் பெயரில் உண்டு, அதற்குத்தான் நெறிமுறை என்று வைத்திருக்கிறோம். அது அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் கணினிக்காரர்கள் எப்போதோ அதை புரோட்டோகாலுக்கு, அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு, எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், இணைய நெறிமுறை என்று பாடப்புத்தகம் வரை ஏறிவிட்டது. ஆராய்ச்சியிலும் புரோட்டோகால் உண்டு: யாருக்கு எந்த மருந்து, எத்தனை நாள், எந்த நாளில் ரத்தம் எடுப்பது என்று எழுதி வைத்த திட்டம். இந்தக் குழு பரிசீலிப்பதே அதைத்தான். ஒரு கூட்டக் குறிப்பின் தமிழ் வரைவில் நானே பார்த்த வரி: "நெறிமுறைக் குழு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. நெறிமுறை மீறல்கள் இரண்டு."

அந்த இரண்டு மீறல்கள் என்ன தெரியுமா? பதினான்காம் நாள் வர வேண்டிய ஒரு நோயாளி பதினாறாம் நாள் வந்து ரத்தம் கொடுத்தார், ஊரில் திருவிழா. இன்னொருவருக்கு எடை பார்க்க மறந்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் டீவியேஷன், திட்டத்திலிருந்து விலகல். தமிழில் "நெறிமுறை மீறல்" என்று கடிதம் போனதும், கையெழுத்துப் போட்ட செவிலியர் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டு வந்து நின்றார். ஒழுக்கக்கேடாக ஏதோ செய்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களே சார் என்றார். அதற்கு நேர்மாறாக, நோயாளியிடம் கேட்காமலேயே மருந்து கொடுத்தாலும் தமிழில் அதே இரண்டு சொற்கள்தான். இரண்டும் ஒரே சொல்லில் அடங்கும் என்றால் அந்தச் சொல் வேலைக்கு ஆகாது.

நோயாளியிடம் சொல்லும் சொல் முக்கியமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார், கலைச்சொல் அறிஞர்களுக்கானது என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் இந்தக் குழுக்கள் எப்படி வந்தன என்று பாருங்கள். அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை, அரசின் பொதுச் சுகாதாரத் துறையே சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. கிட்டத்தட்ட 600 கறுப்பின ஆண்கள், பெரும்பாலும் ஏழை விவசாயிகள். அவர்களில் நோய் இருந்தவர்களிடம் அது என்ன நோய் என்று சொல்லவே இல்லை, "கெட்ட ரத்தம்" என்றார்கள். அந்த வட்டாரத்தில் சோகையிலிருந்து அசதி வரை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான், அதனால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. பெனிசிலின் வந்து, அதுதான் சிகிச்சை என்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த பிறகும் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. நோய் தானாக முற்றினால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதானே ஆய்வு! விஷயம் பத்திரிகையில் வெடித்த பிறகு 1974இல் சட்டம் வந்தது, பல்கலைக்கழகங்களில் இத்தகைய குழு கட்டாயமாயிற்று. நாற்பது வருடம் அந்த மனிதர்களைக் கேள்வி கேட்கவிடாமல் வைத்திருந்ததில் இரண்டு எளிய சொற்களுக்கும் பங்கு உண்டு. அறிஞர்களுக்கு மட்டும் புரிந்த சரியான சொல் அங்கேயும் இருக்கத்தான் செய்தது, மருத்துவ இதழ்களில்.

சரி, மாற்று என்ன? இதுவரை இழையில் வந்தவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

"அறக்குழு" என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அறநிலையத் துறை, அறங்காவலர், அறக்கட்டளை என்றே பழகிய காதுக்கு அறக்குழு என்றால் கோயில் திருப்பணிக் கமிட்டி மாதிரி கேட்கிறது. யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன "ஒழுக்கவியல் குழு" அங்கே பழக்கத்தில் இருப்பது, அவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும். இங்கே ஒழுக்கக் குழு என்று சொன்னால் மாணவனை சஸ்பெண்ட் செய்யும் குழு என்றுதான் நினைப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது "ஆய்வறம்". இல்லறம், துறவறம் வரிசையில் ஆய்வறம், யார் காதுக்கும் புதுச் சொல் போலவே தெரியாது. இதை முன்மொழிந்த தம்பிக்கு என் பாராட்டு. எழுதிப் பார்த்துவிட்டு இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்தேன். அப்புறம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "ஆய்வறக் குழு." பேச்சில் ஐகாரம் குறுகி அகரம் ஆகிவிடும் அல்லவா, ஆய்வறை என்பதை நாம் ஆய்வற என்றுதானே சொல்கிறோம்? ஆக ஆய்வறக் குழுவும் ஆய்வறைக் குழுவும் வாயில் ஒன்றே. படிவத்தை வாசித்துக் காட்டும் இடத்தில், எழுத்தறியாதவர் முன்னால் ஒரு சாட்சியையும் உட்காரவைத்து வாசிக்க வேண்டும் என்று விதியே இருக்கும் இடத்தில், காதில் தேறாத சொல் எனக்கு உதவாது. கட்டுரைத் தலைப்புக்கு ஆய்வறம் இருக்கட்டும், படிவத்துக்கு வேண்டாம்.

ஆகவே என் பரிந்துரை: "ஆய்வு அறநெறிக் குழு". அறநெறி என்றதும் கோயில் விலகிவிடுகிறது, பள்ளியில் படித்த ஞாபகம் வருகிறது. நிறுவன என்பதை எடுத்துவிட்டு "கல்லூரியின்" அல்லது "பல்கலைக்கழகத்தின்" என்று போட்டுக்கொள்ளலாம். புரோட்டோகாலுக்கு "ஆய்வுத் திட்டம்", டீவியேஷனுக்குத் "திட்ட விலகல்", ரிவ்யூவுக்குப் "பரிசீலனை". கடைசிச் சொல்லுக்காகத் தனித்தமிழ் அன்பர்கள் என்னைத் திட்டலாம், ஆனால் ரேஷன் கார்டு மனு பரிசீலனையில் இருக்கிறது என்பது புரியாத ஆள் தமிழ்நாட்டில் கிடையாது.

இனி கம்ப்ளையன்ஸ், அதாவது விதிகளைத் தவறாமல் பின்பற்றுவது. நுண்ணுயிரியல் பேராசிரியை அம்மாவின் கேள்வி நியாயமானது: மனிதர்கள் மீதான ஆய்வுக்கு ஒரு குழு, விலங்குகளுக்கு 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இன்னொரு குழு, மரபணு மாற்றிய உயிரிகளுக்கு 1989ஆம் ஆண்டு விதிகளின் கீழ் உயிரிப் பாதுகாப்புக் குழு, கதிரியக்கப் பொருள்களுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் பாதுகாப்பு அலுவலர். இத்தனையும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அலுவலகத்துக்கு என்ன பெயர்? "இணக்கம்" என்று அகராதிகளில் இருக்கிறது, வங்கிகளிலும் அதையே எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை. "கொஞ்சம் இணங்கிப் போங்க" என்றால் நம் ஊரில் என்ன பொருள்? விட்டுக்கொடு, சமாதானமாகப் போ, பெரிதுபடுத்தாதே. "ஆய்வு இணக்க அலுவலர்" என்றால், ஆய்வில் ஏதாவது தப்பு நடந்தால் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடிப்பவர் என்று ஆகிறது. செய்ய வேண்டிய வேலைக்கு நேர் எதிர்.

இந்த இடத்தில் டெல்லியின் மாயாபுரியில் நடந்த கதிர்வீச்சு விபத்து ஞாபகம் வருகிறது. டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. 1985க்குப் பிறகு யாரும் தொடவில்லை, மூலையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சாமானாக அதையும் ஏலம் விட்டுவிட்டார்கள். கோபால்ட்-60இன் வீரியம் ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், ஆனாலும் ஆளைக் கொல்ல மிச்சம் இருந்தது போதுமானதாக இருந்தது. மாயாபுரியில் பழைய இரும்புக் கடைத் தொழிலாளர்கள் அதைப் பிரித்துத் துண்டு போட்டார்கள். கை கறுத்து, தலைமுடி கொட்டி ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒருவர் இறந்துபோனார். அங்கே யாரும் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்துவிடவில்லை, எந்த அறநெறிக் குழுவும் அதைத் தடுத்திருக்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஒரு துறை மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால்தான் "கடைப்பிடி" என்கிறேன். பழைய அகப்பொருள் உரையில் தலைமகனுக்குச் சொல்லும் நான்கு குணங்கள் அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி. கடைப்பிடி என்பதற்கு உரைகாரர் தரும் பொருள் கொண்ட பொருளை மறவாமை. மாயாபுரியில் இல்லாமல் போனது இதுதான். கையில் எடுத்த ஒன்றைக் கடைசிவரை மறக்காமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு நம்மிடம் ஆயிரம் வருடப் பழைய சொல் இருக்கும்போது, வளைந்து கொடுக்கும் இணக்கம் எதற்கு? "விதிக் கடைப்பிடிப்பு அலுவலகம்", "கடைப்பிடிப்பு அலுவலர்". தயவுசெய்து ப் போட்டு எழுதுங்கள், கடைபிடி என்றால் பஜாரில் கடை பிடிப்பது.

கண்காணிப்பு என்று சிலர் சொன்னது பற்றி: அது கம்ப்ளையன்ஸ் ஆகாது, மேலிருந்து பார்க்கும் வேலை மட்டும். தவிர, தோட்டத் தொழிலாளர்களை மேய்த்த கங்காணி என்ற பெயர் வந்த வழியும் அதே சொல்தான், மலையகத்து நண்பர்கள் இருக்கும் குழுவில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
பாமர உறுப்பினர்

---

மறு: மறு: (அதே இழை, எட்டு நாள் கழித்து)

> ஐயா, நீங்களே காதில் தேற வேண்டும் என்கிறீர்கள். உங்கள் கடைப்பிடிப்பை யாரிடமாவது வாசித்துக் காட்டினீர்களா?

காட்டினேன் அம்மா. வார்டு உதவியாளர், வாசல் காவலாளி, படுக்கையில் இருந்த இரண்டு பேர், ஆக மொத்தம் நான்கு பேரிடம் புதிய வரியை வாசித்தேன்: "இந்த ஆய்வை எங்கள் கல்லூரியின் ஆய்வு அறநெறிக் குழு பரிசீலித்து அனுமதி கொடுத்திருக்கிறது." நால்வரும் தலையாட்டினார்கள். தலையாட்டலை நம்பக்கூடாது என்பதால், அந்தக் குழு என்ன செய்யும் என்று திருப்பிக் கேட்டேன். மூவர் "தப்பா எதுவும் நடக்காம பாத்துக்குவாங்க" என்ற மாதிரி சொன்னார்கள். ஒருவர் "தெரியாதுங்க, டாக்டர் சொன்னா சரிதான்" என்றார், அதற்குக் கலைச்சொல் பொறுப்பல்ல.

கடைப்பிடிப்பு அலுவலரில் மட்டும் சறுக்கிவிட்டது. காவலாளி நேராகவே கேட்டார்: "கேன்டீன் கான்ட்ராக்ட் பாக்குறவரா சார்?" ப் போட்டுத்தான் உச்சரித்தேன், இருந்தும் கடை கடையாகவே நின்றது. முன்னால் "விதி" சேர்த்து "விதிக் கடைப்பிடிப்பு" என்று முழுதாகச் சொன்னபோது பிடிபட்டது. ஆகவே அலுவலரைத் தனியாக விடாமல் எப்போதும் விதியோடு சேர்த்தே எழுதலாம் என்று திருத்திக்கொள்கிறேன். வேறு யாரிடமாவது இதைவிடக் குட்டையான சொல் இருந்தால் அடுத்த கூட்டத்துக்குள் அனுப்புங்கள், படிவத்தின் புதிய வரைவு அன்றைக்குத்தான் மேசைக்கு வருகிறது.