மானிட்டரில் நலமாகத் தெரியும் பேட்டரி மின்வெட்டில் நிற்பதில்லை: உதவி தேவை

ஆள் தங்காத, சாலை வசதி குறைந்த குன்றின் மேலுள்ள எங்கள் தொலைத்தொடர்புக் கருவி நிலையத்தில், 48 வோல்ட் பேட்டரி வங்கி எட்டு மணி நேரம் தாங்க வேண்டியிருக்க, கடந்த கோடை முதல் மின்வெட்டு தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே 43.2 வோல்ட்டுக்கு இறங்கித் துண்டித்துக்கொள்கிறது.

வங்கியில் 2 வோல்ட், 600 ஆம்பியர்-மணி கொண்ட 24 வி.ஆர்.எல்.ஏ. (மூடிய வகை ஈய-அமில) செல்கள் தொடராக உள்ளன, வயது ஐந்து ஆண்டுகள், சுமை சுமார் 50 ஆம்பியர். நிலையத்தைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் மானிட்டர் வங்கியின் மொத்த மின்னழுத்தத்தை மட்டுமே அனுப்புகிறது; மின்வெட்டு இல்லாதபோது அது எப்போதும் 54.0 என்றே காட்டுவதால் எந்த எச்சரிக்கையும் எழுவதில்லை.

இணைப்புப் பட்டைகளின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கினோம்; ரெக்டிஃபயர் (பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி) வெப்பநிலைக்கேற்ப மின்னழுத்தத்தை மாற்றும் ஈடுசெய்தலையும் சரிபார்த்தோம். பலனில்லை. பிறகு சுமையை ஏற்றி ஒவ்வொரு செல்லாக அளந்தபோதுதான், மற்றவை 2 வோல்ட்டுக்கு அருகில் நிற்க, 5-ஆம், 19-ஆம் செல்கள் மட்டும் 1.2-க்குக் கீழே சரிந்தன. மிதவை மின்னேற்றத்தில் (நிறைந்த பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் தொடர் மின்னேற்றத்தில்) இவ்விரண்டும் பிறவற்றைப் போலவே 2.25 காட்டியவை.

மானிட்டரில் ஒரே ஓர் அனலாக் உள்ளீடுதான் மீதமுள்ளது. அதில் வங்கியின் நடுமுனை மின்னழுத்தத்தை (12-ஆம், 13-ஆம் செல்களுக்கு இடையே எடுப்பது) இணைத்து இரு பாதிகளையும் ஒப்பிடலாம் என்பது பொதுவான யோசனை. ஆனால் பழுதான செல்கள் பாதிக்கு ஒன்றாக அமைந்திருப்பதால், இரு பாதிகளும் சமமாகவே இறங்கி வேறுபாடு மறைந்துவிடும் என அஞ்சுகிறேன்.

செல்தோறும் உள்மின்தடை அளக்கும் உணரிகளைப் பொருத்தாமல், இத்தகைய பழுதைத் தொலைவிலிருந்தே முன்கூட்டி அறிய நீங்கள் நடைமுறையில் பயன்படுத்தும் வழி என்ன?