வெட்சூட்டை (கடலில் இறங்கப் போடுகிற ரப்பர் உடுப்பு) வீட்டில் பழுது பார்த்தவர்களே, உங்களுக்கு என்ன நடந்தது?

கல்லடிக்காற்று

முழங்காலில் கிழிசல், கழுத்தில் நகம் பட்ட வெட்டு, இதெல்லாம் எல்லாருக்கும் வருவதுதான். நான் சொல்ல வந்தது அயன் பெட்டியைப் பற்றி.

போன சீசனில் ஒருநாள் காலை டைவ் முடித்து வந்து, சூட்டை நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, வேப்பமர நிழலில் கொடியில் மடித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பின்னேரம் வந்து கேற்றைத் திறக்கும்போதே ஒரு மணம். டயர் எரித்த மாதிரி, ஆனால் அவ்வளவு காரமில்லை. உள்ளே போனால் மேசையில் போர்வை விரித்து, அதன்மேல் என் 3 மில்லிமீற்றர் தடிப்புச் சூட், அதன்மேல் அயன் பெட்டி.

"சுருக்கமாக் கிடந்துது மனே. நாளைக்கு வெளிநாட்டாக்களோட கடலுக்குப் போறனெண்டு சொன்னாய்தானே."

முதுகில் பெட்டியின் அச்சு அப்படியே விழுந்திருந்தது, கூர் மேலே பார்த்தபடி, பளபளவென்று. துணி உருகி, உள்ளே இருந்த நுரை அமுங்கி, அந்த இடம் மட்டும் கடதாசி மாதிரி ஆகிவிட்டது. நான் கத்திவிட்டேன். என்னென்ன கத்தினேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பெட்டியின் வயரை மெதுவாகச் சுற்றி வைத்தா.

அடுத்த நாள் அதே சூட்டோடுதான் கடலில் மூழ்கிக் கிடக்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு இறங்கினேன். கீழே முதுகில் அந்த முக்கோணத்தில் மட்டும் குளிர் தெரிந்தது. 28 பாகைத் தண்ணீரில் குளிரா என்று கேட்பீர்கள். தெரிந்தது.

தங்கூசி (பொத்துவில்)

28 பாகையில் முதுகு குளிராது தம்பி. அம்மாவுக்குக் கத்தினதுதான் குளிர்ந்திருக்கும்.

என் கதை அறுகம்பேயில். சர்ஃபிங் பலகை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் அப்போது நின்றேன். இங்கே வெட்சூட் போடுகிறவர்கள் குறைவு, வெயிலுக்கும் பாறைக் கீறலுக்கும் மெல்லிய சட்டை ஒன்றோடு இறங்கிவிடுவார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் 2 மில்லிமீற்றர் அரைச் சூட் ஒன்றைக் கொண்டு வந்தா. அக்குளில் ஒரு சாண் கிழிசல். தைக்க முடியுமா என்று கேட்டா. எனக்கு வலை பொத்தத் தெரியும். வலையும் இதுவும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

தங்கூசியால் (மீன்பிடி நைலோன் நூல்) நெருக்கமாக, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டேன். பார்க்க நல்ல வடிவு. முதலாளிகூட எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் பத்து மணிபோல அவ கரைக்கு வந்து கடை முன்னால் நின்று கையை உயர்த்திக் காட்டினா. என் தையல் அப்படியே இருந்தது, ஒரு முடிச்சும் அவிழவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர்தான் அறுந்து போய், நூல் மட்டும் மீன் முள்ளு மாதிரி நடுவில் தொங்கியது. ஒரு சாண் இப்போது ஒன்றரைச் சாண்.

பேசிய காசைத் தந்தா. வேண்டாம் என்றேன். மேசையில் வைத்துவிட்டு, சூட்டைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுப் போனா. ஏசியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

பழைய சுழியோடி

முதலில் பொத்துவில் தம்பிக்கு. 28 பாகையில் குளிராது என்பது கரையில் நிற்கிறவர்களின் கதை. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். ஐம்பது நிமிடம் கீழே இருந்து பாரும்.

கல்லடித் தம்பிக்கு. அம்மா செய்தது பிழைதான், ஆனால் முழுப் பிழை இல்லை. அயன் பண்ணி ஒட்டுகிற துண்டுகள் வெட்சூட்டுக்கென்றே வருகின்றன. மெல்லிய துணியை மேலே போட்டு, பெட்டியின் சூட்டைக் குறைத்து வைத்து அழுத்த வேண்டும். பெட்டியை நேரே வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

என் அனுபவம் சின்னது. மணிக்கட்டில் ஒரு வெட்டு. கையில் கிடைத்த சூப்பர் குளூவை விட்டு ஒட்டிக்கொண்டு ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்கினேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரர் மூழ்கடித்தது, கிடக்கிற ஆழம் 50 மீற்றருக்கு மேல். அவ்வளவு ஆழத்தில் சூட்டின் நுரைக் குமிழ்கள் நசுங்கி, சூட் மெலிந்து போகும். காய்ந்த குளூ மெலியாது. கண்ணாடி வளையல் உடைந்து உள்ளே குத்தினால் எப்படி, அப்படி. மேலே வந்து கழற்றினால் மணிக்கட்டைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு.

ஆகவே எல்லாரும் கேளுங்கள். வாங்க வேண்டியது நியோபிரீன் சிமெந்து, சூட்டின் ரப்பரை ஒட்டுகிற பசை. சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப் போட்ட எவருக்கும் வேலை விளங்கும். சூட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், இரண்டு நாள் விடுங்கள். வெட்டின் இரண்டு உதட்டிலும் மெல்லிசாகப் பூசுங்கள். காய விடுங்கள். இன்னொரு தரம் பூசுங்கள். இப்போதுதான் பொறுமை வேண்டும். பத்து நிமிடம்போல விட்டு விரலால் தொட்டால் ஒட்டுவது போல இருக்கும், ஆனால் விரலில் வராது. அந்த நேரத்தில் இரண்டு உதட்டையும் சேர்த்து நசுக்குங்கள். ஈரமாக இருக்கும்போதே சேர்க்கிறவர்கள்தான் பிறகு வந்து சாமான் கூடாது என்பார்கள். ஒரு நாள் முழுக்கக் கடலில் இறங்காதீர்கள். முழங்கால் மாதிரி மடிகிற இடமென்றால் மேலே பொலியூரெத்தேன் பசை ஒரு பூச்சு. அந்தப் பசை காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். எங்கள் ஊர்க் காற்றில் திறந்த டியூப் கெதியாகக் கல்லாகிவிடும். இறுக மூடிப் பிரீசரில் வையுங்கள். என் மனைவி இறைச்சிக்குப் பக்கத்தில் வைக்க விடவில்லை, அதற்கொரு பழைய மாஜரின் டப்பா வைத்திருக்கிறேன். சூட்டின் சிப்புக்கு (zip) மெழுகுதிரியைத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம், மண் பிடிக்கும்.

பாசிக்குடா அஞ்சு மணி

அண்ணே, கேட்டது அனுபவம். நீங்கள் வகுப்பு எடுத்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் கரண்ட் போகிற போக்கில் உங்கள் பிரீசர் கதையும் சரிவராது.

நான் வாடகைச் சூட் கழுவுகிற வேலை பார்த்தவன். வாடகைச் சூட் என்றால் என்ன மணம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்குள் எல்லாரும் செய்வதுதான், ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. மூத்திரத்தில் உள்ள யூரியாவைக் கிருமி அமோனியாவாக்கும், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் கண் எரியும். குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பூவில் ஊறவைத்தால் பெரும்பாலும் போகும். அன்று போகவில்லை. அடுத்த நாள் காலை ஒரு பெரிய குழு வருகிறது. கிணற்றுக்குப் போடுகிற குளோரின் தூள் பக்கத்தில் இருந்தது.

ஒரு பிடி போட்டேன். பீப்பாவுக்குள் ஆறு சூட். அரைமணித்தியாலம் கழித்து மூடியைத் திறந்தால் தண்ணீர் ஊதா நிறம். கை வைக்கிற இடத்தில் இருந்த நீலப் பட்டிகள் எல்லாம் சாம்பல். மணம் போய்விட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் ஆறும் மடிப்பில் வெடிக்கத் தொடங்கின. நான்தான் செய்தேன் என்று இன்றுவரை அங்கே சொல்லவில்லை. வெயிலில் காய்ந்தது என்று சொன்னேன், வெயிலும் ரப்பரைக் கெடுக்கும்தானே, நம்பிவிட்டார்கள். அதற்காக இன்னொரு பையனுக்கு ஏச்சு விழுந்தது.

மருதமுனை ஊசி

நான் கடலில் இறங்கியதில்லை. வீட்டின் முன் அறையில் தையல் மிஷின் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் சல்வாரும் பாடசாலை உடுப்பும். ஒரு பையன் கறுப்பு ரப்பர் உடுப்பொன்றைப் பொலித்தீன் பையில் கொண்டு வந்தான். பதினாறு வயதிருக்கும். தோளில் கிழிந்திருந்தது.

மிஷினில் வைத்தேன், கால் ரப்பரில் ஒட்டிக்கொண்டு நகரவில்லை. பவுடர் தூவினேன், நகர்ந்தது, ஊசி முறிந்தது. பிறகு கையால் எடுத்தேன். சேலைக்கு மறைதையல் போடுவது போல, முழுத் தடிப்பையும் குத்தாமல் பாதித் தடிப்பில் ஊசியை இறக்கி, வெட்டின் உள் விளிம்பால் வெளியே எடுத்தேன். மறுபக்கம் ஓட்டை தெரியவில்லை. பொத்துவில் தம்பி செய்தது போல முழுக்கக் குத்தினால் எந்தத் தடித்த துணியும் அப்படித்தான் கிழியும், அதற்குக் கடல் தெரியத் தேவையில்லை.

கையைப் புரட்டும்போது மேசையில் மண் கொட்டியது. நல்ல வெள்ளை மண், எங்கள் கரை மண் இல்லை.

"யாருட உடுப்பு?" என்று கேட்டேன்.

"காக்காட." அண்ணனுடையதாம்.

கடலட்டைக்குச் சுழியோடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. போட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். கை நாலு விரல் கூடுதல் நீளம், தோள் தொங்குகிறது. "குறைக்க ஏலுமா ராத்தா?"

கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. "வெட்டத் தேவையில்ல, நீ வளர்ந்துருவாய்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. போட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனான். வெயிலில், றோட்டால்.

பழைய சுழியோடி

சகோதரி, மறைதையல் சரியான முறை. கொம்பனிகளும் அப்படித்தான் தைக்கிறார்கள். வளைந்த ஊசி என்றால் இன்னும் இலேசு. ஆனால் குறைத்துக் கொடுத்திருக்க வேண்டும். வெட்சூட் உடம்போடு இறுக்கமாக இருந்தால்தான் உள்ளே போன கொஞ்சத் தண்ணீர் சூடாகி அங்கேயே நிற்கும். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் புதுத் தண்ணீர் வந்துபோகும். பக்கத் தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டி, முதலில் சிமெந்தால் ஒட்டிவிட்டுப் பிறகு...

மருதமுனை ஊசி

அளவு எனக்குத் தெரியும் சேர்.

தங்கூசி (பொத்துவில்)

ராத்தா, அவன் பிறகு வந்தானா?

மருதமுனை ஊசி

இல்லை.

கல்லடிக்காற்று

சுழியோடி அண்ணே, அயன் பண்ணி ஒட்டுகிற துண்டு என்று சொன்னீர்களே, அது எங்கே வாங்கலாம்? முதுகுக்கு ஒரு முழத் துண்டு வேண்டும். நான் கேட்கவில்லை, அம்மா கேட்கிறா.