மலையில் எடுத்த ஒரு படம் இன்னும் மனத்தை விட்டுப் போகாமல் இருக்கிறதா? இங்கே எழுதுங்கள்

பூண்டுக்காடு எழுதியது:
கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை வளைவில் நின்று எல்லாரும் எடுக்கும் அந்தப் படத்தை நானும் எடுத்தாயிற்று. படிப்படியான வயல், நெருக்கமான வீடுகள், மேலே மேகம். நான் சொல்ல வந்தது வேறு. ஊருக்குள் இறங்கிப் போனபோது ஒரு வாசலில் பாட்டி ஒருவர் மலைப்பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன், தலையசைத்தார், மூன்று படம் எடுத்தேன். கிளம்பும்போது, "வருகிறவர்கள் எல்லாரும் எடுக்கிறீர்கள் தம்பி, எடுத்ததை ஒருவரும் காட்டியதில்லை" என்றார். கோபமில்லாமல் சொன்னார். அதனால்தான் அதிகம் உறுத்தியது.

ஒரு வருடம் கழித்து, பெரிதாக அச்சிட்டு எடுத்துக்கொண்டு கொடைக்கானலிலிருந்து பஸ் ஏறினேன். படத்தைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். பெருவிரல் அவர் முகத்தைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. "சுவர்" என்றார். உள்ளே இருந்த மகளைக் கூப்பிட்டு, "நம் சுவரைப் பார்" என்றார். ஐப்பசி மழையில் அந்த மண்சுவர் விழுந்துவிட்டது. இப்போது அங்கே சிமென்ட் கல் நிற்கிறது. விளக்கு மாடம், அதன் மேல் புகைக்கறை, அவர் கணவர் கையால் அடித்த நீலச் சுண்ணாம்பு எல்லாம் அந்தக் காகிதத்தில் இருந்தன. எடுத்த மூன்றில் இரண்டில் பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக்கியிருந்தேன். நல்ல வேளை, அச்சிட்டது லென்ஸ் துளையைச் சுருக்கி, அபெர்ச்சர் எட்டில், பின்னணியும் தெளிவாக விழும்படி எடுத்த மூன்றாவது படம். இப்போதெல்லாம் யாரை எடுத்தாலும் அவர் பின்னால் இருப்பதைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்துநகர்ப் பெண் எழுதியது:
என் அப்பா ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையில் கோட்டிங் பிரிவில், அதாவது ஃபிலிமில் ஒளிபடும் பூச்சைப் பூசும் பிரிவில், வேலை பார்த்தவர். ஊட்டிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: 1967 முதல் இங்கே 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் தயாராயின. வெளிச்சம் பட்டால் ஃபிலிம் போயிற்று, ஆகவே வேலையெல்லாம் இருட்டில். மின்சாரம் போன இரவுகளில் நாங்கள் தீப்பெட்டியைத் துழாவும்போது அப்பா நேராக நடந்துபோய் மெழுகுவத்தியோடு திரும்புவார்.

போன வருடம் மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவின் மேசை இழுப்பறையில் 'இந்து' பெட்டி ஒன்று கிடைத்தது. காலாவதியாகி முப்பது வருடம். அப்பா செய்தது என்று சொன்னதும் கடைக்காரர் பணம் வாங்க மறுத்துவிட்டார். சமையலறைச் சன்னல் ஓரம் அப்பாவின் கைகளை மட்டும் படமெடுத்து, ஃபிலிமைக் குளியலறையில் டெவலப் செய்தேன். முழுக்க மூட்டம், நான்கு ஃபிரேம்களில்தான் ஏதோ தெரிந்தது. அப்பா ஈரச் சுருளை விளிம்பில் விரல்நுனியால் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். "கோட்டிங் சீராகத்தான் இருக்கிறது, ஒரு கோடு கூட இல்லை. நீதான் வெளிச்சம் போதாமல் எடுத்திருக்கிறாய்."

பாட்டி சுவரைப் பார்த்ததுபோல அவர் தன் ஃபிலிமைப் பார்த்தார். தன் கைகள் அதில் இருப்பதையே கவனிக்கவில்லை. சாப்பாடு, மாத்திரை என்று நின்றுபோயிருந்த எங்கள் பேச்சு அன்றைக்கு ராத்திரி பதினொரு மணி வரை நீண்டது. இப்போது ஞாயிறுதோறும் இருவரும் கேமராவோடு கிளம்புகிறோம்.

ரன்னிமேடு எழுதியது:
என் கதை சிறியது. நீலகிரி மலை ரயிலில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் ரயிலுக்கு முன்னால், கொடியோடு தெரிகிறவர் பிரேக்ஸ்மேன்தான். நீராவியும் மூடுபனியும் ஒன்றான ஒரு திருப்பத்தில் அவரை எடுத்தேன். கொடி மட்டும் பச்சையாகத் தெரிகிற படம். அவ்வளவுதான்.

இந்துநகர்ப் பெண்ணுக்கு ஒரு குறிப்பு: காலாவதியான ஃபிலிமுக்குப் பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) என்று வெளிச்சம் கூட்டிக் கொடுங்கள். மூடுபனியில் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாறும், பனி சாம்பலாக வரும், அங்கேயும் ஒரு ஸ்டாப் கூட்டலாம். குளிரிலிருந்து அறைக்குள் வந்தவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள், கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும். மழைக்காலத்தில் தோல் உறையில் வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். உதிரி பேட்டரியைச் சட்டைப்பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: மனிதர்களை எடுக்கும்போது முதலில் இயல்பாக ஒன்றை எடுத்துவிட்டு அப்புறம் அனுமதி கேளுங்கள். முன்னமே கேட்டால் முகம் இறுகிவிடும்.

கோத்தகிரி வாசி எழுதியது:
ரன்னிமேடு, மற்றதெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. நான் அப்படித்தான் செய்தேன். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், தோடர் பெண் ஒருவர் அவர்கள் போர்த்திக்கொள்ளும் பூத்துக்குளியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை செய்துகொண்டிருந்தார். கேட்காமல் கிட்டப் போய் எடுத்தேன். அவர் நிமிர்ந்து, "அக்கா, நீங்கள் எடுத்தது பின்பக்கம்" என்றார். எனக்கு வழவழப்பாக, அழகாகத் தெரிந்தது அவர்களுக்குப் பின்பக்கம். நூல் புடைத்து நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு முகம். துணியைத் திருப்பிக் காட்டினார், என் விரலைப் பிடித்து அந்த மேட்டின் மேல் வைத்தார். வரைந்துகொள்வது கிடையாது, துணியின் இழைகளை எண்ணித்தான் ஊசி போகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அவரோடு எண்ணினேன். பிறகுதான் கேட்டேன், பிறகுதான் எடுத்தேன். முகம் இறுகவில்லை. முதலில் எடுத்ததை அவர் எதிரிலேயே அழித்துவிட்டேன்.

பேரிமரம் எழுதியது:
கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் நாள்தோறும் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள், மேகம் மறைக்கிற நாட்கள் நீங்கலாக. முன்பு கண்ணாடித் தகடுகளில் எடுத்தார்கள். அதைக் கேட்ட நாள் முதல் என் சன்னலுக்கு எதிரே இருக்கும் பேரிமரத்தைத் தினமும் காலை ஏழு மணிக்கு எடுக்கிறேன். மரம் பக்கத்து வீட்டு ஐயாவுடையது. இரண்டு வருடமாகப் புன்னகையோடு சரி. காய்ச்சலில் படுத்த அன்று ஏழேகாலுக்குக் கதவு தட்டும் சத்தம். "இன்றைக்கு எடுக்கவில்லையே, உடம்புக்கு என்ன?" என்று தேநீர் ஃபிளாஸ்க்கோடு நின்றார்.

பூண்டுக்காடு எழுதியது:
எல்லாருடையதையும் இரண்டு முறை படித்தேன். பாட்டியின் மகள் நேற்று போன் செய்தார். புதிய சுவரில் மாட்டச் சுவர் மட்டும் தனியாக ஒரு பிரதி வேண்டுமாம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.