ஸ்டீரியோ பெட்டி: ரெண்டு படமும் ஒண்ணு சேரவே மாட்டேங்குது

அல்சூர்வாசி:
வணக்கம். எங்க குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கண்காட்சி. பெங்களூரு லால்பாக் தோட்டத்துப் படங்களை முப்பரிமாணத்தில் காட்ட அட்டையில் பத்து ஸ்டீரியோ பெட்டி செய்யணும்: இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்குச் சற்று மாறின இன்னொரு படம், ரெண்டும் சேர்ந்தா ஆழம் தெரியும். மாதிரிப் பெட்டியோட அளவு இது: இங்கே எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைக்கிற வி.ஆர். லென்ஸ் (போனைச் செருகிப் பார்க்கிற பெட்டிக்கானது), 25 மி.மீ. விட்டம், 45 மி.மீ. குவியத்தூரம். ரெண்டு லென்ஸுக்கும் மையத்துக்கு மையம் 63 மி.மீ. படம் 4×6 பிரிண்ட், இடது பாதியில் ஒண்ணு, வலது பாதியில் ஒண்ணு. லென்ஸிலிருந்து படம் 45 மி.மீ.

படம் ரெண்டாவே தெரியுது. அரை நிமிஷம் பார்த்தா நெற்றி வலி. போதாக்குறைக்கு ஒரே இருட்டு. லென்ஸ் மட்டமா, இல்ல பெட்டி கோணலா?

காக்ஸ்டவுன் பெஞ்ச்:
ரெண்டும் இல்லைங்க. 6 அங்குலம்னா 152 மி.மீ. அதைப் பாதியாப் பிரிச்சா ரெண்டு படத்தின் மையங்களுக்கும் நடுவே 76 வந்துடும். லென்ஸ் மையங்களோ 63. மிச்சம் 13 மி.மீ. தான் தலைவலி.

படம் குவியத்தூரத்தில் இருக்கும்போது, லென்ஸ் மையத்துக்கு நேர் எதிரே உள்ள புள்ளி கண்ணுக்கு நேராக, வெகு தொலைவில் தெரியும். லென்ஸ் மையங்களைவிடப் படங்கள் விலகியிருந்தால் ரெண்டு கண்ணும் வெளிப்பக்கமாகத் திரும்பினால்தான் சேரும். உங்க பெட்டியில் அது கிட்டத்தட்ட 16 டிகிரி. கண் உள்பக்கம் திரும்பிப் பழகியது. வெளியே ஒன்றிரண்டு டிகிரி போவதே பெரும்பாடு.

"கண் இடைவெளி 63, அதனால லென்ஸ் 63" என்று எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். உண்மையில் பொருந்தவேண்டியது லென்ஸ் மையமும் படத்தின் மையமும். ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற அமெரிக்கர் 1861-இல் செய்த ஸ்டீரியோ கைப்பெட்டியில் 7 அங்குல நீள அட்டை போகும், அதில் படங்கள் கண் இடைவெளியைவிட விலகியே இருக்கும். ஆனாலும் சேரும். காரணம், கண் லென்ஸின் உள்பக்க ஓரம் வழியாகப் பார்க்கிறது. லென்ஸின் தடித்த பக்கம் வெளியே, காதுப் பக்கம். லென்ஸே பட்டகம் (ப்ரிஸம்) மாதிரி வேலை செய்து படத்தை மூக்குப் பக்கம் தள்ளிவிடும். நமக்கு அந்த வம்பு வேண்டாம், படத்தைச் சுருக்கினால் போதும்.

ஒவ்வொரு படமும் அகலம் 60 மி.மீ., உயரம் 80 மி.மீ. நடுவில் 3 மி.மீ. கறுப்புக் கோடு. மையத்துக்கு மையம் சரியாக 63. கணினியில் 1800×1200 பிக்சல் கான்வாஸ் திறந்து, 709×945 பிக்சலில் ரெண்டு படம், இடையே 35 பிக்சல், மீதி இடமெல்லாம் கறுப்பு. 4×6-இல் அது 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி.

இங்கே ஒரு பொறி உண்டு. கடையில் ஓரம் விடாமல் பிரிண்ட் போடும்போது மெஷின் படத்தை இரண்டு, மூன்று சதவீதம் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும். 63 போய் 65 ஆகிவிடும். வந்த பிரிண்டை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மறுநாள் 61 என்று அனுப்பினால் கணக்கு சரியாகும். மேட் காகிதம் கேளுங்கள். பளபளப்பில் உங்க மூக்கே தெரியும்.

படம் போடும் முன் ஒரு சோதனை அட்டை: வெள்ளைத் தாளில் 55, 58, 61, 64, 67 மி.மீ. இடைவெளியில் ஜோடி ஜோடியாக செங்குத்துக் கோடுகள், ஒன்றின் கீழ் ஒன்றாக. பெட்டியில் வைத்துப் பார்த்தால் எது வரை ஒரே கோடாகச் சேருகிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். பத்து பெட்டிக்கும் இதே தாள்.

டயாப்டர்:
இருட்டுக்குக் காரணம் லென்ஸ். அந்த 45 மி.மீ. லென்ஸ் போன் திரைக்கு ஆனது, திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு. காகிதத்துக்குப் பெட்டி நாலரை சென்டிமீட்டர் ஆழம் என்றால் முகமே வெளிச்சத்தை மறைத்துவிடும். புள்ளி புள்ளியாகவும் தெரியும்.

கண்ணாடிக் கடையில் "பிளஸ் பத்து, அன்கட், பிளாஸ்டிக்" என்று கேளுங்கள் (அன்கட் என்றால் ஃபிரேமுக்கு வெட்டாத முழு வட்ட லென்ஸ்). குவியத்தூரம் மீட்டரில் என்றால் 1-ஐப் பவரால் வகுத்தால் வரும். பிளஸ் பத்துக்கு 100 மி.மீ. பெரும்பாலும் ஆர்டர் போட்டுத்தான் தருவார்கள். கடையிலேயே மையத்தில் மார்க் வைத்து 38 மி.மீ. வட்டமாக உரைத்துத் தரச் சொல்லுங்கள். மார்க் இல்லாமல் வந்தால் தாளில் ஒரு கூட்டல் குறி போட்டு லென்ஸ் வழியாகப் பாருங்கள்: உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் முறியாமல் சேரும் இடம் மையம். ஒரு பெட்டிக்கு ரெண்டு லென்ஸும் ஒரே பவர், குழிந்த பக்கம் கண்ணுக்கு.

லென்ஸிலிருந்து படம் 95 மி.மீ. சரியாக 100 வைத்தால் பார்வை முடிவிலிக்குப் போகும். 95-இல் படம் 2 மீட்டர் தள்ளி இருப்பது போல உட்காரும், பிள்ளைகளுக்கு அதுதான் சௌகரியம். படம் செருகும் தட்டை முன்னும் பின்னும் 10 மி.மீ. நகர்கிற மாதிரி விடுங்கள்.

பெட்டிக்கு 3 மி.மீ. சன்போர்டு (பி.வி.சி. நுரைப் பலகை) போதும். உள் அகலம் 154, உயரம் 104. நடுத்தடுப்பு லென்ஸ் பலகையிலிருந்து படம் வரை முழுசாகப் போகணும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கண்ணுக்கும் பக்கத்துப் படம் பேய் மாதிரி தெரியும். உள்ளே மேட் கறுப்புச் சார்ட். மேல்பக்கம் மூடவேண்டாம், டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். லென்ஸை ஒட்ட இன்ஸ்டன்ட் பசை கூடவே கூடாது, அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படிந்தால் போகாது. 38 மி.மீ. ஓட்டை போட்ட பலகையின் ரெண்டு பக்கமும் 34 மி.மீ. ஓட்டை போட்ட அட்டை வைத்து நடுவில் சிறைபிடித்துவிடுங்கள்.

அல்சூர்வாசி:
சேர்ந்துடுச்சு! 61 கோடு வரை பளிச்னு ஒண்ணாகுது. ஆனா இப்போ வேற கூத்து: லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால இருக்கிற செடி உள்ளே போயிடுச்சு, இரும்புத் தூணெல்லாம் செடிக்கு முன்னால வந்து நிக்குது. அதோட, 4 மீட்டர்ல எடுத்த படம் நல்லா இருக்கு, கட்டடம் முழுசா எடுத்த படம் தட்டையா இருக்கு.

காக்ஸ்டவுன் பெஞ்ச்:
இடம் வலம் மாறிப்போச்சு. பல போன் கேலரிகளில் கடைசியாக எடுத்தது முதலில் நிற்கும், இடது படத்தை முதலில் எடுத்துவிட்டு அதே வரிசையில் ஒட்டினால் வலது கண் படம் இடதுக்குப் போகும். சரிபார்க்கும் வழி: இடது கண் படத்தில் கிட்டே உள்ள செடி, பின்னணியைப் பார்க்கையில் சற்று வலப்பக்கம் தள்ளி இருக்கணும்.

தட்டையாக இருப்பதற்குக் காரணம், ஒரு படத்துக்கும் மறுபடத்துக்கும் நடுவே போனைப் பக்கவாட்டில் நகர்த்திய தூரம் போதாதது. போனை நிமிர்த்தி 2எக்ஸில் (இருமடங்கு ஜூம்) வைத்தால், 60 மி.மீ. அகலப் படத்தை 100 மி.மீ. லென்ஸில் பார்க்க ஆழம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும். 1எக்ஸில் எடுத்தால் ஆழம் இழுத்து நீட்டினது போல ஆகிவிடும். 2எக்ஸுக்கு நகர்த்தும் தூரம், கிட்டே உள்ள பொருளின் தூரத்தில் அறுபதில் ஒரு பங்கு. 4 மீட்டருக்கு 6.5 செ.மீ., 2 மீட்டருக்கு 3 செ.மீ. கட்டடத்துக்கு, கிட்டே உள்ளது 20 மீட்டர் என்றால் 30 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இணையத்தில் முப்பதில் ஒரு பங்கு என்று போட்டிருப்பார்கள், அது ஜூம் இல்லாத கணக்கு.

போனைத் திருப்பாமல் நேர்கோட்டில் நகர்த்துங்கள். ஒரு கால் மேல் சாய்ந்து ஒரு படம், மறுகால் மேல் சாய்ந்து மறுபடம். பிரிண்டில் ஒரு படம் மற்றதைவிட 1 மி.மீ. மேலேயோ கீழேயோ இருந்தாலே கண் வலிக்கும், அதை ஸ்டீரியோஃபோட்டோ மேக்கர் என்ற இலவச மென்பொருளில் தானாகச் சரிசெய்யலாம். காற்றில் ஆடுகிற இலை, நடந்து போகிறவர், ரெண்டு படத்திலும் ரெண்டு இடத்தில் இருப்பார்கள். காற்று அடங்கிய காலை நேரமே உத்தமம்.

டயாப்டர்:
இன்னொன்று. கண்காட்சி அன்று பெட்டிகளை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள். பிளஸ் பத்து லென்ஸ் சூரியனைக் குவிக்கிற இடமும் படம் இருக்கிற இடமும் ஒன்றுதான். லென்ஸ் பக்கம் வெயில் பட்டால் மேட் கறுப்புச் சார்ட் புகைய ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் லென்ஸ் மேல் ஒரு அட்டை மூடி.